பழைய முதலாளி திரும்பி வந்தால் போதுமா?



நாம் கூடி வியாபாரம் செய்த இணையத்தளம் கைமாறி, மீண்டும் பழைய உரிமையாளரிடமே வந்தால், "தாய்வீடு திரும்பிவிட்டோம்" என்று மகிழ்கிறோம். மகிழலாம், கணக்கும் பார்க்க வேண்டாமா?

ஸ்டம்பிள்அப்பான் என்ற தளத்தை 2007இல் ஈபே நிறுவனம் 75 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கேரட் கேம்ப், முதலீட்டாளர்களோடு சேர்ந்து 2009இல் திரும்ப வாங்கினார். பெற்றவர் கைக்கே பிள்ளை வந்தது. ஆனாலும் 2018இல் தளம் மூடப்பட்டது. பாசம் மட்டும் கடையைக் காப்பாற்றாது.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நாம் வாடகைக்கு இருக்கும் கடை கைமாறினால், "எங்கள் முன்பணம் இனி யார் பொறுப்பு?" என்று உடனே கேட்கிறோம். இணையத்தில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? பிரிக்பீல்ட்சில் வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கும் சகோதரிக்கு வாடிக்கையாளர் பட்டியல்தான் முதல். அது இப்போது யாரிடம் இருக்கிறது? 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய விவரங்களைக் கேட்டறியும் உரிமையைத் தருகிறது.

படங்கள், விலைப்பட்டியல், ஆர்டர் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். வருகிறவரை வரவேற்போம்; ஒரு சாவியை நம் இடுப்பிலும் செருகி வைப்போம்.