புறப்படுவதற்கு முன்



தென்துருவத்தை முதன்முதலில் அடைந்தவர் யார் என்று வகுப்பில் வினவினால், நோர்வே நாட்டினரான றோல்ட் அமுன்ட்சென் என்றும், அடைந்த நாள் 1911 டிசெம்பர் 14 என்றும் மாணவர் தயங்காது விடையிறுப்பர். அத்துடன் பாடத்தை முடித்துக்கொள்வது எம்போன்ற ஆசிரியர்களின் வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த நாளைப் பற்றியன்று. அதற்கு முந்திய நீண்ட இருட்காலத்தைப் பற்றியாகும்.

1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமுன்ட்சென் குழுவினர் தென்துருவக் கண்டத்தின் விளிம்பிலுள்ள திமிங்கில விரிகுடாவில் இறங்கினர். பனித்தட்டின்மீது மரவீடு ஒன்றை நிறுவி, தம் கப்பலாகிய பிராமின் பெயரால் அதனைப் பிராம்ஹெய்ம் என்றழைத்தனர். அங்கே ஒன்பதின்மர் மாரியைக் கழித்தனர். இருள் சூழுமுன், தெற்கே 80, 81, 82ஆம் பாகைகளில் மூன்று உணவுச் சேமிப்பிடங்களை அமைத்தனர். எல்லையற்ற வெண்வெளியில் ஒரு சிறு குவியலை மீண்டும் கண்டுபிடித்தல் எளிதோ? ஆகவே 80ஆம் பாகையில், செல்லும் வழிக்குக் குறுக்காக, கிழக்கே பத்தும் மேற்கே பத்துமாகக் கொடிகளை நாட்டி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டனர். வழிதவறி வருபவன் எந்தக் கொடியைக் கண்டாலும், உணவு எப்பக்கம், எவ்வளவு தூரம் என்பதை உடனே அறிந்துகொள்வான்.

ஏப்பிரலில் மறைந்த கதிரவன் ஓகஸ்ற் 24ஆம் நாள்வரை தோன்றவில்லை. அந்த நான்கு மாதமும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. வீட்டைச் சூழ்ந்த பனியைக் குடைந்து அறைகளாக்கினர், அவ்வறைகளே தொழிற்கூடங்களாயின. பனிச்சறுக்கு வீரரும் தச்சருமான பியாலன்ட், சறுக்குவண்டிகளைச் சீவிச் சீவி, அவற்றின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கைக் குறைத்தார். விஸ்ரிங் கூடாரங்களைத் தைத்தார். யொகான்சென் என்பவரோ, பிஸ்கோத்துகளை எண்ணி அடுக்கிப் பெட்டிகளை நிரப்பினார். கட்டை அவிழ்க்காமலே உணவை எடுக்கும் வண்ணம் ஒவ்வொரு பெட்டிக்கும் சிறு வட்டமூடி பொருத்தப்பட்டிருந்தது. பனிக்காற்றில் கயிற்று முடிச்சோடு மல்லாடும் விரல்களின் வேதனையை அறிந்தவனுக்கே இத்தகைய யோசனை தோன்றும்.

என்னை மிகவும் கவர்ந்தது பாதணிகளின் கதை. சறுக்குப் பலகையில் நிற்க உறுதியான பாதணி வேண்டும். உறுதியான பாதணி குளிரில் காலை நெரிக்கும். எனவே வெட்டிப் பெருப்பித்தார்கள்; அணிந்து பார்த்தார்கள்; போதாதென்று மீண்டும் பிரித்தார்கள். மாரி முழுவதும் இவ்வேலை நடந்தது.

இத்துணைப் பொறுமையுடையவர் இறுதியிற் பொறுமையிழந்தார். பிரித்தானியரான ஸ்கொற் மோட்டார் வண்டிகளுடன் வந்திருந்தார்; அவர் முந்திவிடுவாரோ என்ற அச்சம் அமுன்ட்செனை அரித்தது. செப்ரெம்பர் 8ஆம் நாள், சமையற்காரர் லின்ட்ஸ்ரொம் தவிர்ந்த எண்மரும் புறப்பட்டனர். சில நாட்களுள் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 56 பாகை செல்சியசுக்கு இறங்கியது. 80ஆம் பாகையிற் சுமைகளை இறக்கிவிட்டுத் திரும்பலாயினர். திரும்பிய கடைசி நாளில் ஒழுங்கு குலைந்தது. தலைவர் வேகமான வண்டியுடன் முன்னே சென்றுவிட்டார், ஏனையோர் சிதறினர். குதிகால் உறைந்த பிறெஸ்ற்றூட் உணவும் அடுப்புமின்றிப் பின்தங்கினார். அவரைக் காத்து, நள்ளிரவுக்குப்பின் வீடு சேர்த்தவர் யொகான்சென்.

மறுநாட் காலை உணவு வேளையில், எல்லோரும் கேட்க, யொகான்சென் தலைவரைக் கண்டித்தார். அவர் சாதாரண ஆளல்லர். 1895இல் நான்சென்னுடன் வடதிசையில் 86 பாகையைக் கடந்தவர். அவருடைய சொல்லிற் பொய்யில்லை. எனினும், பலர்முன் கேட்ட சொல்லைத் தலைவரால் விழுங்க முடியவில்லை. அவரைத் துருவக் குழுவிலிருந்து நீக்கினார். ஆசிரியர் கூட்டங்களிற் பல்லாண்டு தலைமை வகித்தவன் என்ற முறையில் அமுன்ட்செனின் உள்ளம் எனக்கு ஓரளவு விளங்குகிறது. ஆயினும் அந்தத் தண்டனையை என்னால் ஏற்க இயலவில்லை. வென்றவர் பின்னர் எழுதிய பயண நூலில் இப்பிணக்குக்கு இடமில்லை என்றே சொல்லலாம்.

புண்பட்ட கால்கள் ஆறும்வரை காத்திருந்தனர். பாதணிகள் மறுபடியும் பிரிக்கப்பட்டன. ஒக்ரோபர் மூன்றாம் வாரத்தில் அமுன்ட்சென், பியாலன்ட், விஸ்ரிங், ஹான்சென், ஹசெல் ஆகிய ஐவர், நான்கு வண்டிகளுடனும் 52 நாய்களுடனும் தெற்கு நோக்கினர். 1912 சனவரி 25ஆம் நாள் ஐவரும் உயிருடன் திரும்பினர். நாய்களில் மீண்டவை பதினொன்று. ஏனையவற்றிற் பல, வழியில் உணவுக்காகக் கொல்லப்பட்டன. அதுவும் முன்கூட்டியே வகுத்த கணக்கின்படியே நடந்தது.

யொகான்சென் பிறெஸ்ற்றூட்டின் கீழ் வேறொரு சிறு குழுவிற் சேர்க்கப்பட்டு, கிழக்கே ஏழாம் எட்வேட் மன்னர் நிலத்துக்கு அனுப்பப்பட்டார். 1913 சனவரியில் தாய்நாட்டிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். துருவம் நோக்கிச் சென்ற வண்டிகளில் இருந்த பெட்டிகள், அந்த இருட்காலத்தில் அவர் தம் கையால் எண்ணி அடுக்கியவை.