உயிர் பிழைத்தால் போதுமா?

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அறியாமையை அகற்றுவதே கல்வியின் பணி. புற்றுநோயைச் சூழ்ந்துள்ள அறியாமையோ அந்நோயினும் கொடியது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1923-இல் தம் இளைய சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகள் கொண்ட புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். அதன்பின் மருத்துவம் நெடுந்தூரம் முன்னேறியுள்ளது. தொடக்கத்திலேயே கண்டறியப்பெற்றோர் பலர் குணமடைகின்றனர். ஆனால், பிழைத்தவர் முன்போல் உண்டு, உழைத்து, ஊரோடு வாழ்கின்றாரா? அவ்வாறு வாழச் செய்யும் பணிக்கே மறுவாழ்வு என்று பெயர்.

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் அகற்றப்படுவதுண்டு. அதனால் நிணநீர் வடியும் வழி தடைப்பட்டுச் சிலருக்குக் கை வீங்கும், தோளும் இறுகும். நாற்று நட்டும் களை பறித்தும் பிழைக்கும் நம் தாய்மார்களுக்குக் கை முடங்கினால் கூலியும் முடங்கும். எனவே, மருத்துவர் குறிக்கும் நாள்முதல், சுவரில் விரல்களை ஊன்றிப் படிப்படியாக மேலேற்றும் பயிற்சியை நாள்தோறும் செய்தல் வேண்டும். அக்கையில் முள்ளோ அரிவாளோ கீறினால் உடனே கழுவி மருந்திட வேண்டும். வீக்கம் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புகையிலை தரும் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெற்றோருக்குத் தாடை இறுகிச் சோறுண்பதே அரிதாகலாம். சிகிச்சைக் காலத்திலேயே வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்கிப் பல மாதங்கள் விடாது செய்வது இதனைக் குறைக்க உதவலாம். குரல்வளை நீக்கப்பட்டவரும் உரிய பயிற்சியால் மீண்டும் பேசலாம். அந்நீக்கத்தால் விளையும் நிரந்தரப் பேச்சுக் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறைச் சிகிச்சையை இல்லத்திற்கே கொண்டுவருகிறது.

இவையெல்லாம் இருந்தும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. புற்றுநோய் தொடுவதால் பரவாது. உடனிருந்து உண்பதாலும் பரவாது. அவ்வாறிருக்க, நோயுற்றவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் நுழைந்துள்ளது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்து நின்ற சமுதாயம் நாம். கடைத்தெருவில் நாம் உடைத்த குவளையை அடுக்களையில் நாமே வைக்கலாமா?

இளைஞர்களே! உங்கள் தெருவில் சிகிச்சை முடிந்து திரும்பியவர் யாரென்று அறியுங்கள். மறுபரிசோதனை நாளில் உடன் செல்லுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். பளுவான வேலை இயலாதவருக்கு இலகுவான வேலை கிடைக்கப் பேசுங்கள். அவர் வீட்டில் அமர்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். நீங்கள் கற்ற கல்வி அன்று அந்த வீட்டிற்கும் பயன்பட்டதாகும்.