மரத்தை நிற்கும்போதே பார்த்தவர்கள்



நோர்வேயில் வாழும் எங்கள் உறவுகளின் பிள்ளைகள் காலில் நீளப் பலகை பூட்டிப் பனியில் சறுக்கும் படங்கள் செட்டிகுளத்து வீடுகளுக்கும் கைபேசியில் வந்து சேருகின்றன. இன்று அந்தப் பலகையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பனியே விழாத வன்னிக்கு இந்தக் கதை எதற்கு என்று நினைக்காதீர்கள். இது மரம் தேடுகிற கதை.

மேற்கு நாடுகளில் இந்தப் பலகையை வீட்டுப் பட்டறையில் தாங்களே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்வதைவிடச் சாமான் சேர்ப்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு. அடியில் வழுக்கும் பிளாஸ்ரிக் தகடு, ஓரத்துக்கு உருக்குப் பட்டி, நடுவில் மரம், அதன் மேலும் கீழும் கண்ணாடியிழைத் துணி, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க எப்பொக்சிப் பசை. தகட்டையும் பட்டியையும் அதற்கென்று விற்பவர்களிடம்தான் வாங்கவேண்டும். கண்ணாடியிழை எங்கள் கரையோரம் நன்றாக அறிந்த பொருள். 1956இல் நோர்வே சென்ற அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியால், நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் அந்த இழையால்தான் மீன்பிடிப் படகுகளைக் கட்டியது.

மிஞ்சுவது மரம். அதைக் கடைக்காரர் தெரிந்து தரமுடியாது, செய்கிறவரின் கண்தான் தெரியவேண்டும். கணு இருக்கக்கூடாது, நார் நேராக ஓடவேண்டும், நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். வளைத்துவிட்டால் மறுபடி நிமிரவேண்டும். பின்லாந்துப் பக்கத்துப் பழைய ஆட்கள் இதற்காகக் காட்டில் சாய்ந்து வளர்ந்த பைன் மரத்தைத் தேடிப் போனார்கள். சாய்ந்த மரம் தன் பாரத்தைத் தாங்குவதற்காக அடிப்பக்கத்தில் அடர்த்தியான, கடினமான மரத்தை வளர்த்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் செதுக்கிய பலகைதான் பனியில் நன்றாக ஓடும், தேயவும் நாளெடுக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தச்சர்மார்தான் நினைவுக்கு வந்தார்கள். கலப்பைக்கு வளைந்த மரம் வேண்டுமென்றால், நேர்மரத்தை அறுத்து வளைவு எடுக்கமாட்டார்கள். இயற்கையாக வளைந்த கிளையை மரம் நிற்கும்போதே கண்டு வைப்பார்கள். நார் அறுபடாத வளைவுக்குத்தான் பலம். பாரம் தாங்கப் பாலை, தளபாடத்துக்கு முதிரை, வளைந்து கொடுத்தும் முறியாமல் நிற்கச் சாவண்டலை. சென்னைக் கரையில் அலையோடு மோதிய மசூலாப் படகுகளுக்கு அந்தக் காலத்தில் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது இந்தச் சாவண்டலைதான். பனிச்சறுக்குப் பலகை கேட்கிற குணமும் ஏறக்குறைய இதேதான்.

எங்களிடமும் ஒரு சறுக்குப் பலகை இருந்தது. உழுது தண்ணீர் கட்டிய வயலில், மாடு இழுக்க, பலகையின்மேல் ஏறி நின்று சேற்றை மட்டப்படுத்திய அப்புமாரைக் கண்டவர்கள் இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உழவு இயந்திரம் வந்தபிறகு அந்தப் பலகைகள் பல வீடுகளில் விறகாகிவிட்டன. அவற்றோடு மரம் பார்க்கிற கண்ணும் போகிறதே என்பதுதான் என் கவலை.

மரம் பார்க்கிற கண் குறைந்தாலும், சாமான் தேடுகிற திறமை எங்கள் சனத்துக்குக் குறைந்ததில்லை. போரில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்து 2012இல் மூடப்பட்ட மெனிக்பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்கள் தறப்பாளையும் தடியையும் கட்டி ஏற்றிக்கொண்டு போய்த்தான் முதல் கொட்டிலைப் போட்டார்கள்.

ஆனால் காட்டு மரம் அப்படி அள்ளிவருகிற பொருள் அல்ல. மரம் ஏற்றிச்செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணியில் நின்றாலும் பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்காது. இந்தக் கட்டுப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. பாலையும் முதிரையும் மெல்ல வளர்கிற மரங்கள். இன்று களவாகத் தறித்தால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்த இடம் நிரம்பாது.

ஆகவே நேயர்களே, இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் வண்டியும் கலப்பையும் செய்த முதிய தச்சர் ஒருவர் இருந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவரோடு கதையுங்கள். எந்த மரம், எந்தப் பக்கம், ஏன் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாரி தொடங்கியதும் காணி எல்லையில் ஒரு சாவண்டலைக் கன்றை நட்டுவிடுங்கள்.