பிளாவும் பொற்கிண்ணமும்



புறநானூற்றின் 235ஆம் பாடலை வகுப்பிலே கற்பிக்கும்போதெல்லாம் பின்வாங்கிலிருந்து ஒரு சிரிப்பொலி எழும். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு அது. கண்ணீரோடு தொடங்க வேண்டிய புலவர் கள்ளோடு தொடங்குகிறாரே என்பது மாணவரின் வியப்பு. 'ஔவையார் கள்ளுக் குடிச்சவவோ, சேர்?' என்று ஒருவன் கேட்டே விடுவான். குடித்தார் என்றே நான் விடை சொல்வேன். ஆத்திசூடி பாடிய ஔவையார் பிற்காலத்தவர், வேறொருவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைப்பேன். இல்லாவிட்டால் மறுநாள் பெற்றோர் வந்துவிடுவர்.

அப்பாட்டிலே ஔவையார் சொல்வது இதுதான்: கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதியமான் அதை எமக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாம் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். போர்க்களத்தில் அவன் நின்ற நிலையும் பாட்டில் வருகிறது. ஆனால் அது பின்னர்தான். இறந்தவனை நினைத்ததும் முதலில் நாவில் வந்தது அவன் பங்கிட்ட கள்.

இதனோடு 56ஆம் பாடலை ஒப்புநோக்குங்கள். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் உண்டு மகிழ்ந்திரு என்கிறார். அந்தத் தேறல் வெறுங் கற்பனையன்று. 1945இல் அரிக்கமேட்டில் நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. இரவலருக்கு அருங்கலங்களை வாரி வழங்கும் பாண்டியன், தேறலைத் தானே உண்கிறான். அதில் ஒரு வாய் வேறெவருக்கும் போனதாகப் பாட்டில் இல்லை.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவரை மறுக்க நான் வரவில்லை. தவறணை வாசலில் குடும்பங்கள் அழிந்ததை எங்கள் ஊரும் கண்டது. நான் பேசுவது முற்றத்துக் கள்ளைப் பற்றி.

சித்திரை விடுமுறையில் அப்பு வீட்டிலே இனசனம் கூடும். ஆச்சி ஒடியற்கூழ் காய்ச்சுவார். நண்டும் இறாலும் பயத்தங்காயும் பலாக்கொட்டையும் ஒரே பானையில் கொதிக்கும். விடியற்காலையில் இறக்கிய பனங்கள்ளு முட்டியில் வரும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசி இறக்கினால் அது கருப்பநீர். சிறுவர்களாகிய எங்களுக்கு அது. பெரியையா, மாமா, குஞ்சியப்பு எல்லோரும் பனையோலைப் பிளாவை மடித்துக்கொண்டு வட்டமாகக் குந்துவர். ஒரு முட்டி கள்ளின் விலை சாராயப் போத்தல் ஒன்றின் கிட்டவும் வராது. அதைப் பூட்டி வைத்து ஆறுதலாகக் குடிக்கவும் முடியாது. காலைக் கள்ளு மாலையில் புளிக்கும். விட்டு வைத்தால் காடியாகும். ஆகவே அன்றைக்கே குடித்து முடிக்க ஆட்கள் வேண்டும். பேசாதிருந்த உறவுகூட அந்த முட்டிக்காகப் படலையைத் திறந்து வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

முட்டியைக் கொண்டுவந்தவர் மட்டும் அந்த வட்டத்தில் இல்லை. கிணற்றடி வேலியோரம் நிற்பார். ஆச்சி கூழை அகப்பையால் மொண்டு, உயரத்திலிருந்து அவர் ஏந்திய பிளாவில் ஊற்றுவார். கள்ளும் அப்படித்தான். அவரே பனையேறி இறக்கிய கள். 'போதும் நயினார்' என்று குனிந்தபடி சொல்வார். பத்து வயதில் அது என் கண்ணில் படவேயில்லை. கூழின் ருசிதான் நினைவில் நின்றது.

பல்கலைக்கழகத்தில் அந்தக் கையறுநிலைப் பாட்டைப் பாடங்கேட்டபோதுதான், 'எமக்கு' என்ற சொல்லில் தடுக்கி நின்றேன். அரசனின் முற்றத்தில் ஔவையாரை உள்ளே இருத்திய சொல் அது. எங்கள் முற்றத்தில் 'எமக்கு' என்றால் இனசனத்துக்கு மட்டும்.

அண்மையில் இந்தப் பேச்சை எழுத அமர்ந்தபோது, அவருடைய பெயரைக் குறிப்பிட விரும்பினேன். எனக்குத் தெரியவில்லை. அப்பு அவரை 'டேய்' என்றே கூப்பிடுவார். மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார். எந்தப் பனையில் கள்ளு நல்லாய் இருக்குமென்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.