எழுதும் கணக்கு யார் தலையில்? பொருள்வகைப் பல்லுருவாக்கத்தின் வரவு செலவு

  

நான் எதைப் பேசப்போகிறேன் என்பது முன்வரிசை நண்பர்களுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தாலே புரிகிறது. ஜாவா நிரல்மொழியின் அணிகளுக்கு (அரே) உள்ள துணைவகை விதி பற்றி எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. வடிவமைத்தவர்களுக்கு வகைக் கோட்பாடு தெரியாததால் வந்த வினை என்பது அவர்கள் கட்சி. தெரிந்தே செய்த பேரம் என்பது என் கட்சி. அந்தப் பேரத்தின் விலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதைத்தான் நாம் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். 1967-இல் கோபன்ஹேகனில் பேசிய கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, எந்த வகைக்கும் ஒரே விதமாக இயங்கும் பல்லுருவாக்கத்தையும், வகைக்கு வகை வேறு வேலை செய்யும் பல்லுருவாக்கத்தையும் பிரித்துக் காட்டினார். 1985-இல் கார்டெல்லியும் வெக்னரும் துணைவகையையும் ஒரு தனிப் பல்லுருவாக்கமாக இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். முதலாவதும் கடைசியும் ஒரே மொழிக்குள் குடியேறும்போதுதான் தகராறு தொடங்குகிறது.

இனி என் உதாரணம். ஸ்ட்ரிங் அணி ஒன்றை மூன்று இடங்களோடு உருவாக்குங்கள். அதையே ஆப்ஜெக்ட் அணி என்று அறிவித்த இன்னொரு மாறியில் வையுங்கள். ஸ்ட்ரிங் என்பது ஆப்ஜெக்டின் துணைவகை. ஆகவே ஸ்ட்ரிங் அணியும் ஆப்ஜெக்ட் அணியின் துணைவகை என்று ஜாவா ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவது வரியில், அந்த இரண்டாம் மாறி வழியாக முதல் இடத்தில் இன்டிஜர் 42-ஐ எழுதுங்கள். நிரல்பெயர்ப்பி மூன்று வரிகளையும் முணுமுணுக்காமல் ஏற்கும். ஓடும்போதுதான் மூன்றாவது வரியில் நிரல் விழும்: அரே ஸ்டோர் எக்செப்ஷன்.

இதைக் காட்டித்தான் 'பார்த்தீர்களா, பிழை' என்கிறார்கள் நண்பர்கள். அந்த எக்செப்ஷன் 1996-இல் வந்த ஜாவா 1.0-இலேயே இருக்கிறது. ஓட்டை இருப்பதே தெரியாதவர்கள் அதற்கென்று காவலாளியை நியமித்து, பெயரும் வைத்திருப்பார்களா?

அப்படியானால் ஏன் செய்தார்கள்? அன்றைக்கு ஜாவாவில் ஜெனரிக்ஸ், அதாவது ஸ்ட்ரேச்சி சொன்ன முதல் விதப் பல்லுருவாக்கம், இல்லை. எந்த அணியையும் வரிசைப்படுத்தும் செயற்கூறு ஒன்றை எழுத வேண்டும். துணைவகை உறவை அணிக்கு மறுத்தால் ஸ்ட்ரிங்குக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத நேரும். ஒப்புக்கொண்டால் ஆப்ஜெக்ட் அணியை வாங்கும் ஒரே செயற்கூறு போதும். எல்லா வகைக்கும் பொதுவான பல்லுருவாக்கம் கையில் இல்லாததால் அதன் வேலையைத் துணைவகையிடம் கொடுத்தார்கள்.

இப்போது அந்த வரிசைப்படுத்தலைக் கிட்டத்தில் பாருங்கள். அது என்ன செய்கிறது? அணிக்குள் இருப்பதை எடுத்து அதே அணிக்குள் வேறு இடத்தில் வைக்கிறது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவருவதில்லை. ஆகவே அது அந்த எக்செப்ஷனைத் தூண்டவே முடியாது. ஆனாலும் பொருள் அணியில் எழுதும் 'ஏ-ஏ-ஸ்டோர்' ஆணை, வைக்கப்படும் பொருள் அணியின் உண்மையான வகைக்குப் பொருந்துமா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்பது மெய்நிகர் இயந்திரத்தின் விதி. எந்தச் செயற்கூறுக்காகச் சலுகை கொடுத்தார்களோ, அதுவே ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் சுங்கம் கட்டுகிறது. சலுகையைத் தொடாதவரும் கட்டுகிறார். முழு எண் அணிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஆப்ஜெக்ட் அணியின் துணைவகை அல்ல.

சில இடங்களில் இயக்கநேர நிரல்பெயர்ப்பி சோதனையை நீக்கிவிடும் என்று ஒரு நண்பர் எழுந்திருக்கத் தயாராவது தெரிகிறது. உண்மைதான். ஸ்ட்ரிங்குக்குக் கீழே துணைவகை பிறக்க முடியாது. ஸ்ட்ரிங் அணி என்று அறிவித்த மாறியில் வேறு வகை அணி இருக்க வழியில்லை. எனவே அங்கே சோதனை தேவையில்லை. ஆனால் நம் வரிசைப்படுத்தும் செயற்கூறு வாங்குவது ஆப்ஜெக்ட் அணியை. இந்தச் சமாதானம் அங்கே தானாகப் பொருந்தாது.

வாசிப்பதில் ஆபத்தே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஸ்ட்ரிங் அணியிலிருந்து எதை எடுத்தாலும் அது ஆப்ஜெக்ட்தான். வாசிப்பவருக்குத் துணைவகை நியாயம், எழுதுபவருக்கு அநியாயம். இரண்டையும் ஒரே வகைக்குள் பூட்டியதுதான் சிக்கலின் வேர். இதை விட்டுவிட்டு வகுப்பில் ஆப்பிள் கூடை, பழக் கூடை என்று கதை சொல்லி முடித்துவிடுகிறோம். மாணவர் கூடையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்.

2004-இல் ஜாவா 5 ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தது. ஸ்ட்ரிங் பட்டியல் ஆப்ஜெக்ட் பட்டியலின் துணைவகை அல்ல என்று அங்கே சரியாகவே முடிவெடுத்தார்கள். வாசிக்க மட்டும் வேண்டுவோர்க்கு வைல்ட்கார்டு தந்தார்கள். அணிக்கான பழைய காரணம் அன்றோடு தீர்ந்தது. பழைய நிரல்கள் உடையும் என்பதால் அணியைத் தொடவில்லை. அதே அச்சத்தால் ஜெனரிக்ஸின் வகைத் தகவலும் இயக்கநேரத்துக்கு முன்பே, நிரல்பெயர்ப்பின்போதே அழிக்கப்பட்டது. அணியோ அந்தத் தகவலை இயக்கநேரத்தில் கேட்கிறது. அதனால்தான் 'ஸ்ட்ரிங் பட்டியல்களின் அணி'யை இன்றும் நேரடியாக உருவாக்க முடியாது. என் குற்றச்சாட்டு 2004-இன் மேல்தான், 1996-இன் மேல் அல்ல.

நேரம் குறைவு; மற்ற மொழிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். சீ ஷார்ப் இந்த அணி விதியை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் டான் சைமும் ஆண்ட்ரூ கென்னடியும் வடிவமைத்து 2005-இல் டாட்நெட் 2.0-வுடன் வந்த ஜெனரிக்ஸ், வகைத் தகவலை அழிக்காமல் வைத்திருக்கிறது. விலை: மெய்நிகர் இயந்திரத்தையே மாற்ற வேண்டியிருந்தது. ஓகேமல் வேறு பாதையில் போனது. இன்ன செயல்முறை உள்ள எந்தப் பொருளும் சரி என்று வகையிலேயே ஒரு திறந்த இடம் விடுகிறது. மேல்வகையாக மாற்ற வேண்டுமென்றால் நிரலர் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். விலை: பிழைச்செய்தியைப் படிக்கப் பொறுமை வேண்டும்.  காட்லின் அணிக்குத் துணைவகை உறவை மறுத்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆய்வு மாணவர்களுக்குச் சில வேலைகள் மிச்சம். அணியில் எழுதும்போது நடக்கும் அந்தச் சோதனை எங்கெல்லாம் நீங்குகிறது, எங்கே நீங்குவதில்லை என்று அளந்து பார்க்கலாம். 2022-இல் ஜெனரிக்ஸ் பெற்ற கோ மொழியையும் ரஸ்டையும் செலவு யார் தலையில் என்ற இதே கேள்வியோடு படிக்கலாம். ஸ்காலாவைச் சொல்ல மறந்தேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டக் குழுவினர் இங்கே இருக்கிறார்கள். 'ஜாவா அணியின் வடிவமைப்புப் பிழையை விளக்குக' என்ற வினாவை எடுத்துவிடுங்கள். 'அந்த முடிவின் செலவை யார், எப்போது ஏற்கிறார்?' என்று கேளுங்கள்.