கோபுரமும் டீக்கடை பெஞ்சும்

(மாணவர் – இளைஞர் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



"செல்போனும் கண்காணிப்பும்னு ஒரு தலைப்பு, வந்து பேசுங்க" என்றார்கள். கவிதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பிழைப்புக்கு நான் பார்ப்பது வங்கிக் குமாஸ்தா உத்தியோகம். ஒரு மனுஷனோட பேரு, அப்பா பேரு, விலாசம், செல் நம்பர், கடன், எந்தத் தேதியில் எங்கே எவ்வளவு எடுத்தார் – நாள் பூராவும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரைப் பற்றிய தகவல் கையில் இருந்தால் அவரை எப்படி நிற்க வைக்கலாம், எப்படி அலைய வைக்கலாம் என்பது கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

நம்ம ஆட்களே ஒரு கேள்வி கேட்பார்கள். "அந்தரங்கம்ங்கிறது நாலு ரூம் வெச்சு வீடு கட்டினவன் பிரச்சினைப்பா. ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கிற நமக்கு அது எதுக்கு? நமக்கு மறைக்க என்ன இருக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்தரங்கம் நமக்குத் தேவைப்படாமல் இருந்ததில்லை. அது நமக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. சேரியில் யார் வீட்டில் கறி வேகுது, எவன் புது பைக்கில் வந்தான், எந்தப் பொண்ணு எவன்கூட பேசினாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். "எந்த ஊரு தம்பி? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று பஸ்ஸில் கேட்கிறானே, அதுவும் தகவல் சேகரிப்புதான். சாதி என்பது ஒரு கண்காணிப்பு ஏற்பாடு.

நமது சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பெந்தாம் வரைந்த வட்டச் சிறை, நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது. அதனால் எந்நேரமும் பார்க்கப்படுவதாகவே நினைத்து அடங்கி நடப்பான். இதைப் புத்தகத்தில் படித்துத்தான் சேரிக்காரன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அவனுக்கு அந்தக் கோபுரம் ஊர் முகப்பில் இருக்கிற டீக்கடை பெஞ்சு.

அரசும் இதே வேலையைச் சட்டமாகச் செய்தது. 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குலத்தில் பிறந்ததே குற்றம், ஆகவே ரேகை வைக்க வேண்டும் என்றது. ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர் மக்கள்மீது போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அவர்கள் தலித்துகள் அல்ல. ஆனால் கைரேகை கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக உயிர்விட்ட அந்த வரலாறு நமக்கும் பாடம். அதே 1920இல்தான் கைதிகளை அடையாளம் காணும் சட்டமும் வந்தது. அதை 2022இல் எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டார்கள். இப்போது கைரேகையோடு கண்ணின் கருவிழிப் பதிவையும் எடுக்கலாம். 75 வருஷம் வைத்திருக்கலாம். யாரைப் பிடிப்பார்கள் என்பது தெரிந்ததுதானே. 2011 கணக்கெடுப்புப்படி நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், விசாரணைக் கைதிகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

உத்திரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941இல் கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை, விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவர் பேரில் சரித்திரப் பதிவேடு திறந்து, ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ராத்திரியில் தட்டுவது தப்பு என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்றும் சொன்னது. அது அடிப்படை உரிமைதான் என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்ல 2017 ஆகஸ்ட் 24 வரை, அதாவது புட்டசாமி வழக்கு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே போய்விட்டது. பீமா கோரேகான் வழக்கைப் பாருங்கள். ரோனா வில்சனின் கணினிக்குள் வெளியாட்கள் திருட்டு மென்பொருள் வழியாகப் புகுந்து கடிதங்களை வைத்திருக்கிறார்கள் என்று ஆர்சனல் என்ற அமெரிக்கத் தடய ஆய்வு நிறுவனம் 2021இல் அறிக்கை கொடுத்தது. நமது திருச்சிப் பக்கத்துக்காரர் ஸ்டேன் சுவாமியின் கணினியைப் பற்றியும் 2022 டிசம்பரில் அதையே சொன்னது. என்.ஐ.ஏ. இதை ஏற்கவில்லை. அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே, 2021 ஜூலை 5ஆம் தேதி, ஜாமீன் கிடைக்காமலே அவர் செத்துப்போனார். அதே வழக்கில் ஆனந்த் டெல்டும்டே சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாள். பெகாசஸ் உளவு மென்பொருளால் குறிவைக்கப்பட்டவர்கள் என்று 2019இல் வாட்ஸ்அப் எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர். 'மறைக்க ஒன்றுமில்லை' என்று சொல்கிற தோழர்கள் இங்கே யோசிக்க வேண்டும். நம்மிடம் இருப்பதை எடுப்பது மட்டுமல்ல, நம்மிடம் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதும் நடக்கலாம்.

ஒருபுறம் பார்க்கிறார்கள், மறுபுறம் வாயை அடைக்கிறார்கள். 2018 ஏப்ரல் 2ஆம் தேதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பை எதிர்த்து நாடு முழுக்க பந்த் நடந்தபோது பஞ்சாபில் செல்போன் இணையத்தை நிறுத்தினார்கள். அதே வருஷம் மே 22இல் தூத்துக்குடியில் சுட்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் இல்லை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். பேரு நல்ல பேரு. ஆனால் அரசு தன் அமைப்புகள் எதற்கு வேண்டுமானாலும் அதிலிருந்து விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். 'தனிநபர் தகவல்' என்று சொல்லித் தகவல் தர மறுப்பதற்கு வசதியாகத் தகவல் உரிமைச் சட்டத்தையும் அதே சட்டத்தில் திருத்திவிட்டார்கள். நம்மைப் பற்றி அதிகாரத்துக்கு எல்லாம் தெரியணும், அதிகாரத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியக்கூடாது. ஊருக்கும் சேரிக்கும் இருந்த அதே கணக்குதான்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறேனா? இல்லை. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய உரையைத் திருத்தச் சொன்னார்கள். அவர் திருத்தவில்லை. கூட்டமே ரத்தானது. தன் காசில் அச்சடித்து வெளியிட்டார். கருத்தை ஒளிக்கக் கூடாது என்பது அதில் நமக்குப் பாடம். நம் கொள்கை, கோரிக்கை, கண்டனம் எல்லாம் உரக்கப் பேச வேண்டியவை. பூட்டி வைக்க வேண்டியது வேறு: நம்மை நம்பி வந்த மனிதர்களின் பெயர், முகம், இருக்குமிடம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உதாரணத்துக்கு, ஒரு வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியப் போகிறோம். சாட்சி சொல்ல வந்த கிழவியோடு போட்டோ எடுத்து அன்றைக்கே குழுவில் போட்டுவிடுகிறோம். குழுவில் 200 பேர். வாட்ஸ்அப்பில் 2016இலிருந்து இரு முனைப் பூட்டு இருக்கிறது, உண்மைதான். ஆனால் சாவி 200 பேரிடம் இருக்கிறது. ராத்திரிக்குள் அந்தப் படம் ஊர்த்தெருவுக்குப் போய்விடும். நாம் பஸ் ஏறிவிடுவோம். கிழவி அங்கேதான் இருக்க வேண்டும். சாட்சிகளின் பெயரையும் விலாசத்தையும் மறைத்துவைக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவே வழி சொல்கிறது. சட்டம் செய்வதை இயக்கம் செய்ய வேண்டாமா? பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை, படத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவில் குற்றம். கண்டனச் சுவரொட்டியில் அந்த முகத்தைப் போடுவது அவளுக்கு நீதி ஆகாது.

இன்னொன்று, என் தொழில் சம்பந்தப்பட்டது. சாதி மறுத்துக் கல்யாணம் செய்ய ஒரு ஜோடி வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தப் பொண்ணோட வங்கிக் கணக்கில் பதிவாகியிருப்பது அண்ணன் நம்பர். அவள் ஏடிஎம்மில் 1000 ரூபாய் எடுத்ததுமே அண்ணன் செல்லுக்குக் குறுஞ்செய்தி போகும். எந்த ஏடிஎம் என்பதுவரைக்கும் பல சமயம் அதில் இருக்கும். கிளம்புவதற்கு முன்பே கிளைக்குப் போய் நம்பரை மாற்ற வேண்டும். முடியாவிட்டால் அந்தக் கார்டைத் தொடவே கூடாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு, பெயர் விலாசத்தோடு பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டப்படுகிறது. வெட்ட அரிவாளோடு தேடுகிறவனுக்கு அது தகவல் பலகை. அந்த விதியை எடுக்கச் சொல்வதும் நம் கோரிக்கையாக வேண்டும். அந்தரங்கம் பணக்காரன் பிரச்சினையா, உயிர்ப் பிரச்சினையா என்று இப்போது சொல்லுங்கள்.

கடைசியாகச் சில பழக்கங்கள். போராட்டத்துக்குப் போகும்போது போனில் கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்க எண் போடுங்கள். விரலைப் பிடித்து அழுத்திவிடலாம், மனசில் இருக்கிற எண்ணை அப்படி எடுக்க முடியாது. வாட்ஸ்அப் காப்புப் பிரதி பூட்டில்லாமல் கூகுளில் கிடக்கிறதா என்று பாருங்கள். அமைப்பில் அதற்கும் பூட்டு உண்டு. ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகலை முதலில் நீட்டுங்கள். தெரியாத சுட்டி வந்தால், அனுப்பியது தலைவரே ஆனாலும், போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். வேலை முடிந்ததும் சாட்சிகளின் பட்டியலைப் போனிலிருந்து அழியுங்கள். ஒரு பிரதி வக்கீலிடம் இருந்தால் போதும்.

இதையெல்லாம் ஒருத்தர் மட்டும் செய்து பயனில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் கவனமாக இருந்து ஒருத்தர் கவனமில்லாமல் இருந்தாலும் பத்துப் பேரும் மாட்டுவார்கள். ஆகவே இதைத் தனிமனித சாமர்த்தியமாக வைக்காமல் அமைப்பின் ஒழுங்காக எழுதி வைப்போம். ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் அரைமணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். இன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தொடங்கலாம், போனை எடுங்கள்.