ஈய மண்ணில் எழுந்த பட்டணம்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோலாலம்பூரைப் பட்டணமாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். 1857-இல் அங்கே வீதியும் இல்லை, விளக்கும் இல்லை. ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடம் வரை படகில் வந்து, காட்டு வழியே அம்பாங்கிற்கு நடந்தார்கள். ஈயத்தைத் தேடிப் போனவர்களைக் காய்ச்சல் தேடி வந்தது. ஒரே மாதத்தில் மிஞ்சியவர் 18 பேர்! ராஜாவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. மாண்ட 69 பேரின் பெயர் எங்கே?

ஆயினும், ஈயம் மட்டும் பட்டணத்தை உண்டாக்கிவிடவில்லை. 1880-இல் சிலாங்கூர் நிர்வாகம் கிள்ளானிலிருந்து அங்கே மாறிற்று. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் அத்தாப்புக் குடிசைகளை வாரிக்கொண்டு போயின. பின்னர் செங்கல்லும் ஓடுமாய்க் கட்டினார்கள். 1886-இல் ரயில் ஓடிற்று. அந்தத் தண்டவாளத்தில் தமிழன் வியர்வையும் உண்டு. அதைச் செந்தூலில் போய்க் கேளுங்கள், சொல்வார்கள்.

கிந்தா பள்ளத்தாக்கில் பப்பான் என்றோர் ஊர். ஈயம் இருந்தவரை ஜனம் நிறைந்த கடைவீதி. இன்றோ பாழடைந்த கடைவரிசை. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்ததும் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடின. ஈயத்தை மட்டும் நம்பிய ஊர், ஈயத்தோடு போயிற்று.

கைவிட்ட லம்பமும் பட்டணமாகும் என்பதற்குப் பண்டார் சன்வே சாட்சி. தோண்டிக் குழிகுழியாய்க் கிடந்த அந்த நிலத்தில் இன்று பல்கலைக்கழகம், மருத்துவமனை, அடுக்குமாடி வீடுகள்! மண்ணைத் திருத்த மனிதனால் முடிகிறது. திருத்திய மண்ணில் குடியிருப்பவர் யார் என்பதே நம் கேள்வி.

இது லம்பத்தோடு நின்ற கதையா? புத்ராஜெயா எழுந்ததும் தோட்ட மண்ணில்தான். பிராங் பெசார் தோட்டத்தில் பால்வெட்டிய குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. தொழிலாளர் குடியிருப்பு எத்தரத்தில் இருக்கவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த வீடு நமக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை. வேலை போனால் வீடும் போகும்!

ஆகவே, தோட்டம் பட்டணமாக மாறுமானால், அளவுக்கல் நடுமுன்பே நமக்குப் பட்டாவோடு வீடு என்பது திட்டத்தில் ஏறவேண்டும். வாயால் கேட்டால் காற்றோடு போகும், கணக்கோடு கேட்போம். லயத்தில் எத்தனை குடும்பம், எந்த ஆண்டிலிருந்து, கோயில் எங்கே, பள்ளி எங்கே என்று ஒவ்வொரு தோட்டத்திலும் எழுதவேண்டும். கிராணிமார்களே, பேனா உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்திற்கு அந்தப் பட்டியலைக் கொண்டுவாருங்கள்.